முதல் டாட்டூ நினைத்தபடி வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் முறை

முதல் டாட்டூ குத்திக்கொண்டவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மூன்றாம் நாள் “மை கரைஞ்சு வருது”, பத்தாம் நாள் “உரிஞ்சு போச்சு”, இருபதாம் நாள் “மங்கிப்போச்சு”, அதற்குப் பிறகு “இதைக் குத்தியிருக்கவே வேண்டாம்”. இவற்றில் பல தானாகவே சரியாகும். சிலவற்றைக் காசு செலவழித்துச் சரிசெய்யலாம். ஒன்றிரண்டுக்கு மட்டும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. மை, கோடு, நிறம் பற்றிய புகார் எதுவானாலும் 6 வாரம் பொறுக்கலாம், பொறுத்தே ஆக வேண்டும். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு என்றால் மறுநாள் வரைகூடப் பொறுக்கக் கூடாது. நடைமுறையில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: நிறம் மங்கியதற்கு இரண்டாம் வாரமே டச்-அப் (குறைந்த இடத்தில் மறுபடி மை ஏற்றுவது) கேட்கிறார்கள், சீழ் பிடித்ததற்குப் பத்து நாள் களிம்பு பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

## தொடங்கும் முன்: இன்று எத்தனையாவது நாள்?

1 முதல் 3 நாள்: சிவப்பு, லேசான வீக்கம், நீர்க்கசிவு, வெயிலில் வெந்த தோல்போன்ற எரிச்சல். எல்லாம் இயல்பு.

4 முதல் 14 நாள்: உரிதல், மெல்லிய பொருக்கு, அரிப்பு. உரியும் செதில்களில் நிறமும் ஒட்டி வரும். அது மேல்தோலில் தங்கிய உபரி மை. டாட்டூவாக நிற்கும் மை அதற்குக் கீழே, தோல்பரப்பிலிருந்து சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

3 முதல் 6 வாரம்: மேலே வெண்படலம், மினுமினுப்பு, மங்கல்.

2 முதல் 3 மாதம்: உள்தோல் ஆறி முடியும் காலம். இறுதி உருவம் இதற்குப் பிறகுதான் தெரியும்.

தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். சன்னல் ஓர நிழல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. கலைஞரிடமோ மருத்துவரிடமோ போகும்போதும் உங்கள் வர்ணனையைவிட இந்தப் படங்களே அதிகம் பேசும்.

## அவசர அறிகுறிகள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவரிடம்

காய்ச்சல் அல்லது குளிர்நடுக்கம். டாட்டூவிலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு. மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், துர்நாற்றம். மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி. அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுதல். முகம், உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கிளினிக்கைத் தேடாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், இதய வால்வுக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவுக்கு முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்தாலே காட்டிவிடுங்கள்.

ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கவில்லை, பழைய ஊசியோ என்று தோன்றுகிறது என்றால், தோல் எவ்வளவு அழகாக ஆறினாலும் அது தனிப் பிரச்சினை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஏற்கெனவே போடாதவர்கள் அதையும் முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கே எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் புதுத் தொற்று தெரியாது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும்.

## அறிகுறி: நீர் கசிகிறது, மை கரைந்து வருகிறது

முதல் 48 மணி நேரம் தெளிந்த நீரும் கொஞ்சம் ரத்தமும் மேல்தோலின் உபரி மையும் கலந்து வரும். படுக்கை விரிப்பில் டாட்டூவின் அச்சே விழலாம். பயப்பட ஒன்றுமில்லை.

விரிப்பு அல்லது துணி ஒட்டிக்கொண்டதா? இழுக்காதீர்கள். துணியோடு சேர்த்து வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அது தானாக விடும்வரை பொறுங்கள். இழுத்தால் துணியோடு வருவது புதிதாகக் கட்டிய பொருக்கு. அந்த இடத்தில் பிறகு மை இல்லாத ஓட்டை விழும்.

டாட்டூவை மூட மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமுக்குள் கறுப்பு நீர் தேங்கியிருக்கிறதா? நடுவில் தேங்கி, நான்கு ஓரமும் ஒட்டியே இருந்தால் அப்படியே விடலாம். நீர் ஓரத்தைத் தொட்டு வெளியே வழிந்தால் ஃபிலிமை எடுத்துவிட வேண்டும். நீர் வெளியே போகும் வழியாகக் கிருமி உள்ளே வரும். எடுக்கும்போது மேல்நோக்கிப் பிய்க்காமல், ஷவர் வெந்நீருக்கு அடியில் தோலோடு இணையாக இழுத்து நீட்டுங்கள், பசை விட்டுவிடும். ஊசி குத்தி நீரை வடித்துவிட்டு அதே ஃபிலிமைத் தொடர்வது வேண்டாத வேலை.

நாலாம் நாளுக்குப் பிறகும் ஈரமாகவே இருக்கிறதா? பெரும்பாலும் களிம்பு அதிகம். உள்ளங்கை அளவு டாட்டூவுக்கு ஒருவேளைக்கு ஒரு பட்டாணி அளவு போதும். பூசி 5 நிமிடம் கழித்தும் பளபளத்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கழுவுவது நாளுக்கு 2 அல்லது 3 முறை: வாசனையில்லாத சோப்பு, வெதுவெதுப்பான நீர், விரல் நுனி. ஸ்பாஞ்சோ நாரோ கூடாது. டிஷ்யூவால் ஒற்றி, 10 நிமிடம் காற்றாட விட்டு, பிறகு பூச வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் ஈரம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

ஊறவைக்கும் தண்ணீர் எதுவும் (நீச்சல் குளம், கடல், ஆறு, தொட்டி) பொருக்கு முழுவதும் விழுந்து தோல் மூடும்வரை, குறைந்தது 2 முதல் 3 வாரம், ஆகாது. ஷவரில் குளிக்கத் தடையில்லை.

## அறிகுறி: சிவப்பும் வீக்கமும் குறையவில்லை

முதலில் இடத்தைப் பாருங்கள். கணுக்கால், பாதம் ஆகியவை நின்றாலும் நடந்தாலும் வீங்கும்; மணிக்கட்டு, முழங்கை ஆகியவை கையைத் தொங்கவிட்டால் வீங்கும். அந்தக் கை அல்லது காலை இதயத்தைவிட உயரமாக அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். வீக்கம் வடிந்தால் அது வெறும் புவியீர்ப்பு.

வடியவில்லையென்றால் பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் வெளியோரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். கோடு நல்ல தோலின்மேல் இருக்கட்டும், காயத்தின்மேல் வேண்டாம். பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

- சிவப்பு கோட்டுக்குள் சுருங்கியிருக்கிறது: ஆறிக்கொண்டிருக்கிறது. தொடருங்கள்.
- அதே இடத்தில் நிற்கிறது, வலியும் சூடும் கூடவில்லை: சோப்பு, களிம்பு, இறுக்கமான உடை ஆகியவற்றில் ஒன்று உரசுகிறது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.
- கோட்டைத் தாண்டிவிட்டது: தொற்று என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

சூட்டைப் பார்க்கப் புறங்கையைப் பயன்படுத்துங்கள், உள்ளங்கைக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. டாட்டூவையும் எதிர்ப்பக்கத்துக் கை அல்லது காலில் அதே இடத்தையும் மாறி மாறித் தொட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

பலர் தவறவிடும் இன்னொரு வகை உண்டு. முதல் வாரம் எல்லாம் நன்றாக ஆறுகிறது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் சாம்பல் நிற ஷேடிங் (நிழல்போல் மை நிரப்பியது) உள்ள பகுதியில் மட்டும் சிவந்த சிறு கொப்புளங்களோ முடிச்சுகளோ எழும்புகின்றன. கறுப்பு மையைச் சாம்பலாக்கக் கிருமிநீக்கம் செய்யாத தண்ணீர் கலந்திருந்தால், அல்லது மை புட்டியே மாசுபட்டிருந்தால், அதன் வழியாக மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமிகள் உள்ளே போகும். வழக்கமான ஆன்டிபயாடிக் இவற்றிடம் பெரும்பாலும் எடுபடாது. தோல் துணுக்கு எடுத்துச் சோதித்து, அதற்கேற்ற மருந்தை மாதக்கணக்கில் தர வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவரிடம் “டாட்டூவில் பரு வந்திருக்கிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். குத்திய தேதி, கொப்புளம் தொடங்கிய தேதி, சாம்பல் பகுதியில் மட்டும் என்ற விவரம் மூன்றையும் சொல்லுங்கள். சோதனை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அந்த மூன்றாவது விவரம்தான் காட்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். நோயும் முழுதாகத் தீராது, பரிசோதனை முடிவும் குழம்பும்.

## அறிகுறி: பொருக்கு தடியாக இருக்கிறது, வெடிக்கிறது

மெல்லிய செதில் இயல்பு. தடித்த பொருக்குக்குக் காரணம் இருக்கும். தொட்டுப் பாருங்கள்.

காய்ந்து, இழுத்து, வெடிக்கிறது. ஈரப்பதம் போதவில்லை. வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை நாளுக்கு 3 முறை மெல்லியதாகப் பூசுங்கள். மூட்டின்மேல் இருந்தால் மடக்கி நீட்டும் வேலைகளைச் சில நாள் குறையுங்கள்.

கொழகொழவென்று, ஓரம் வெளுத்து ஊறியிருக்கிறது. களிம்பு அதிகம், குறிப்பாகப் பெட்ரோலியம் ஜெல்லி. ஒரு நாள் முழுக்க எதுவும் பூசாமல், கழுவி ஒற்றி, காற்றாட விடுங்கள். பொருக்கு கெட்டிப்பட்ட பிறகு மெல்லிய மாய்ஸ்சரைசரில் தொடங்குங்கள்.

சில இடங்களில் மட்டும் ஆழமாக, மற்ற இடம் சுத்தமாக ஆறிவிட்டது. அங்கே ஊசி அதிகமாக ஓடியிருக்கிறது. ஒரே இடத்தை மை பிடிக்கும்வரை திரும்பத் திரும்பத் தேய்த்தால் தோல் கிழிந்து இப்படி ஆகும். வீட்டில் செய்வதற்கு எதுவுமில்லை. பிய்க்காமல் விட்டால் ஓரளவு மை தங்க வாய்ப்பு உண்டு, பிய்த்தால் போய்விடும். தேதியைக் குறித்துக்கொண்டு கீழே உள்ள ‘கோடு மேடாகவே நிற்கிறது, தழும்பு’ தலைப்பை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்.

## அறிகுறி: சுற்றிலும் சின்னச் சின்னப் பரு, தடிப்பு

இங்கே வடிவம்தான் துப்பு.

ஒவ்வொரு பருவின் நடுவிலும் ஒரு முடி தெரிந்தால், மழித்த முடி மறுபடி முளைக்கும்போது களிம்பு அடைத்து வந்த பரு. களிம்பைக் குறைத்தால் சில நாளில் போய்விடும்.

நேர்கோட்டு ஓரங்களோடு செவ்வகமாக அரித்தால் ஃபிலிமின் பசை ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிடுங்கள், மறுபடி ஒட்டாதீர்கள், அடுத்த முறை கலைஞரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

டாட்டூ இல்லாத தோலிலும், களிம்பு பட்ட இடமெல்லாம், தடித்தால் களிம்புதான் குற்றவாளி. நியோமைசின் கலந்த ஆன்டிபயாடிக் களிம்புகள் இதற்குப் பேர்போனவை. வாசனைத் திரவியமும் லானோலினும் (ஆட்டு ரோமக் கொழுப்பு) அடுத்தவை. எல்லாவற்றையும் நிறுத்தி 48 மணி நேரம் வெறும் தண்ணீரும் சோப்பும் மட்டும். தணிந்த பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் மறு கையின் உள்பக்கத்தில் பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தணியாமல் கொப்புளமானால் தோல் மருத்துவர்.

## அறிகுறி: அரிப்பு

ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அரிக்காவிட்டால்தான் ஆச்சரியம். குளிர்ந்த ஈரத்துணியை 10 நிமிடம் வையுங்கள், பிறகு மாய்ஸ்சரைசர். துணிக்கு மேலாகச் சொறிவதும் சொறிவதுதான். இரவில் தூக்கத்தில் சொறிபவர்கள் நகத்தை ஒட்ட வெட்டித் தளர்வான பருத்தி உடை போட்டுக்கொள்ளலாம். தாங்க முடியவில்லையென்றால் ஒவ்வாமைக்கான மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆறாத காயத்தில் ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகப் பூசாதீர்கள்.

ஆறி முடிந்த டாட்டூ திடீரென்று மேடாகி அரிக்கிறதா? சில மணி நேரத்தில் தானாக அமுங்கினால் வெப்பம், வியர்வை, உரசல் ஆகியவற்றால் வந்தது. ஆண்டுக்கணக்கில் எப்போதாவது வந்து போகும், விட்டுவிடலாம்.

அமுங்கவே இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு விரலை மெதுவாக ஓட்டுங்கள். மேடு ஒரு நிறத்தின் எல்லையில் சரியாகத் தொடங்கி அதே எல்லையில் முடிகிறதா? அந்த நிறம் சிவப்பா? அப்படியானால் மை ஒவ்வாமைதான் முதல் சந்தேகம். எல்லா நிறத்திலும் இது வரலாம், ஆனால் சிவப்பில்தான் மிக அதிகம். குத்திய சில வாரத்திலும் வரும், சில ஆண்டு கழித்தும் வரும். எத்தனை நாள் பொறுத்தாலும் மை உள்ளே இருக்கும்வரை தூண்டிக்கொண்டே இருக்கும் என்பதால் காத்திருப்பதில் பயனில்லை. மருத்துவர் முதலில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பும், அதற்கு மசியாவிட்டால் மேட்டுக்குள்ளேயே ஊசியும், கடைசியாக அந்த நிறப் பகுதியைச் சீவி எடுக்கும் அறுவையும் பார்ப்பார். கலைஞரிடம் மையின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள புட்டிப் படத்தைக் கேட்டு வாங்கிப் போங்கள்.

இரண்டு தவறுகளைத் தவிருங்கள். வேறு சிவப்பு மையால் மேலே குத்துவது ஒன்று. லேசரில் அழிக்கப் பார்ப்பது மற்றது: லேசர் மையைத் துகளாக்கி உடலெங்கும் அனுப்பும், ஒவ்வாமை உள்ளவருக்கு அது உடல் முழுவதுமான எதிர்வினையாக வெடிக்கலாம்.

பழைய டாட்டூ, புது டாட்டூ எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் மேடானால், கூடவே கண் சிவப்போ தொடர் இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், இது தோலோடு நிற்கும் விஷயம் அல்ல. சார்கோய்டோசிஸ் என்ற நோய் முதலில் டாட்டூவில் தலைகாட்டுவது உண்டு. நுரையீரலையும் கண்ணையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: மங்கிவிட்டது, மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது

மூன்றாம் வாரப் புகார். கிட்டத்தட்ட எப்போதும் பொய் எச்சரிக்கை.

சோதனை: கழுவி ஈரமாக இருக்கும்போது நிழல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் கறுப்பாகவும் உலர்ந்தபின் சாம்பலாகவும் தெரிந்தால் மை கீழே பத்திரமாக இருக்கிறது. மேலே இருக்கும் புதுத்தோல் இன்னும் தெளியவில்லை, அவ்வளவுதான். செலவு எதுவும் இல்லை, இன்னும் 2 முதல் 4 வாரம் கொடுங்கள்.

குத்திய அன்றைக்கு எடுத்த படத்தோடு ஒப்பிடாதீர்கள். அன்று தோல் சிவந்து, வீங்கி, களிம்புப் பளபளப்போடு, உபரி மையும் மேலே நிற்கும். அந்த அடர்த்தி எந்த டாட்டூவிலும் நிலைக்காது. கலைஞரின் ஆல்பத்தில் பார்க்கும் படங்களும் பெரும்பாலும் அன்றைய படங்கள்தான். ‘ஆறிய படம்’ என்று தனியாகக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு.

ஆறு வாரம் கழிந்தும் வெளிர் நிறங்கள் மட்டும் காணாமல் போயிருந்தால் அது கலைஞரின் பிழையாக இல்லாமல் இருக்கலாம். மைக்கு மேலே உங்கள் தோலின் நிறமி ஒரு திரையாக நிற்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் வெள்ளை, வெளிர் மஞ்சள், இளநீலம் ஆகியவை அந்தத் திரைக்குப் பின்னால் மறையும். திரும்பத் திரும்ப டச்-அப் செய்தால் தழும்புதான் மிஞ்சும். கறுப்பு, அடர்சிவப்பு, அடர்நீலம், அடர்பச்சை என்று மாற்றுவது உருப்படியான யோசனை.

தோல் முழுதாக மூடிய பிறகு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். அதற்கு முன் சன்ஸ்கிரீன் வேண்டாம், துணியால் மூடினால் போதும்.

## அறிகுறி: கோடு உடைந்திருக்கிறது, ஷேடிங்கில் ஓட்டைகள்

ஆறு வாரம் முடிந்திருக்க வேண்டும், எட்டு என்றால் இன்னும் நல்லது. பெரிதாக்கிய படத்தில் குறைகளை வட்டமிட்டுக் கொண்டுபோங்கள்.

ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் பொருக்கு பிய்ந்த இடம். பத்து, இருபது நிமிட டச்-அப் வேலை. பல கலைஞர்கள் முதல் டச்-அப்புக்குக் காசு வாங்குவதில்லை, ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு வைத்திருப்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

விரல், உள்ளங்கை ஓரம், பாதத்தின் பக்கவாட்டு என்றால் இடத்தின் குணம். தடித்த தோல், ஓயாத உரசல். டச்-அப் செய்தாலும் மறுபடி போகும். இதைக் குத்தும் முன்பே சொல்லாத கலைஞரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

முழு டாட்டூவும் புள்ளி புள்ளியாக வெளுத்திருந்தால் ஊசி ஆழம் போதவில்லை. இங்கே டச்-அப் என்பது கிட்டத்தட்ட மறுபடி குத்துவது. அதே கையிடம் திரும்பப் போவதைவிட வேறொருவரிடம் காசு கொடுத்துச் செய்வது மலிவாக முடியும்.

ஓட்டை உள்ள இடம் வழுவழுப்பாகப் பளபளத்தால் அது தழும்பு. 6 மாதமாவது விடுங்கள்.

## அறிகுறி: கோட்டைச் சுற்றி நீல நிழல்

இரண்டு சாத்தியம், இரண்டும் முதல் வாரத்தில் ஒரே மாதிரி தெரியும். ஒன்று ரத்தக்கட்டு. மற்றது ப்ளோ-அவுட்: ஊசி தேவைக்கு மேல் ஆழமாகப் போய், மை உள்தோலைத் தாண்டிக் கொழுப்பு அடுக்கில் பரவிவிட்டது.

பிரித்தறிய நாட்களே போதும். ரத்தக்கட்டு ஊதாவிலிருந்து பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்துக்குள் மறையும். ப்ளோ-அவுட் நிறம் மாறாது. மங்கிய நீலச் சாம்பலாகக் கோட்டோடு ஒட்டியே, பெரும்பாலும் ஒரு பக்கமாக மட்டும், நிற்கும். உள்மணிக்கட்டு, மேல்கையின் உள்பக்கம், கழுத்தெலும்பு, விலா, கணுக்கால் போன்ற மெல்லிய தோலில் இது அதிகம்.

முதல் மாதத்தில் கொஞ்சம் தணிந்ததுபோல் தெரியலாம், கூடவே இருந்த வீக்கம் வடிவதால். மூன்றாம் மாதத்தில் எஞ்சியிருப்பதுதான் நிரந்தரம். களிம்போ மசாஜோ அதைக் கரைக்காது.

சரிசெய்யும் வழிகள், செலவு ஏறும் வரிசையில்: சும்மா விடுவது (கை நீட்டும் தூரத்தில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இதுவே சிறந்தது). நிழல் விழுந்த பக்கமாகக் கோட்டைத் தடிமனாக்குவது. நிழலையே ஷேடிங்காக்கி, மறுபக்கமும் அதே அளவு ஷேடிங் சேர்த்துச் சமன் செய்வது. கடைசியாக நிழலின்மேல் மட்டும் லேசர். தோல் நிற மையாலோ வெள்ளை மையாலோ மூடித் தருகிறேன் என்பவரிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில மாதத்தில் அது அழுக்குத் திட்டாகிவிடும். அந்த மைகளில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் லேசர் பட்டால் கறுத்துப்போகும், ஆகவே பிறகு லேசருக்கும் வழி சிக்கலாகும்.

## அறிகுறி: கோடு மேடாகவே நிற்கிறது, தழும்பு

மூன்று மாதம் வரை லேசான மேடு இயல்பு. அதற்குப் பிறகும் இருந்தால் எல்லையைக் கவனியுங்கள். மேடு கோட்டுக்குள்ளேயே நின்றால் சாதாரணத் தடித்த தழும்பு. சிலிகான் ஜெல் பட்டையை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் 2 முதல் 3 மாதம் ஒட்டினால் அமுங்க வாய்ப்புண்டு. கோட்டைத் தாண்டி நல்ல தோலிலும் வளர்ந்தால் கெலாய்டு. இதற்கு ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி வகைச் சிகிச்சைகளைத் தோல் மருத்துவர்தான் தொடங்க வேண்டும், சிறியதாக இருக்கும்போதே போவது நல்லது. மேட்டை மறைக்க மேலே மறுபடி குத்தினால் கெலாய்டு இன்னும் பெரிதாகும். காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ உங்களுக்கு முன்பே இப்படி வளர்ந்திருந்தால் அடுத்த டாட்டூ யோசனையையே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

## அறிகுறி: நன்றாக ஆறிவிட்டது, ஆனால் பிடிக்கவில்லை

கோணலாகத் தெரிகிறதா? செல்ஃபியையும் கண்ணாடியையும் நம்பாதீர்கள், கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும், செல்ஃபியும் பல நேரம் அப்படியே. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நின்று, வேறொருவரை 2 மீட்டர் தள்ளி நின்று படமெடுக்கச் சொல்லுங்கள். கையைத் திருப்பி உங்கள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தால் எந்த நேர்கோடும் முறுகும்.

எழுத்துப் பிழையா? விட்டுப்போனதைச் சேர்ப்பது எளிது. மெய்யெழுத்தின் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் இடம் இருந்தால் ஒரே அமர்வில் சேர்ந்துவிடும். ரகரத்தைச் சில பாணிகளில் வேறெழுத்தாக வளைக்கவும் முடியும். அதிகமாக விழுந்த எழுத்தை எடுக்கத்தான் லேசரோ கவர்-அப்போ (மேலே வேறு டாட்டூ குத்தி மறைப்பது) வேண்டும். ண, ஞ, ஷ போன்ற சுழி எழுத்துகளைச் சின்னதாக எழுதியிருந்தால் இன்னொரு சிக்கல்: மை ஆண்டுகள் போகப் போகக் கொஞ்சம் அகலும், சுழிக்குள் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான் என்றால் அது அடைபட்டுப்போகும். இப்போது தெளிவாக இருக்கிறதே என்று அதற்குள் மேலும் நுணுக்கம் சேர்க்காதீர்கள்.

குறிப்பிட்ட குறை எதுவும் இல்லை, பார்க்கவே சங்கடமாக இருக்கிறதா? முதல் டாட்டூவில் இது மிகச் சாதாரணம். பழகாத உடலில் பழகாத பொருள். மூன்று மாதம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதுவரை அதை மூடிவைப்பதிலும் தவறில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகும் அதே எண்ணமா? மூன்று பாதைகள்.

சேர்த்தல்: பின்னணி, சுற்றுவேலை, தடிமன். மலிவு, ஆனால் மூல வரைவு மோசமாக இருந்தால் உதவாது.

கவர்-அப்: புது வரைவு பழையதைவிட 2 அல்லது 3 மடங்கு பெரிதாகவும் அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். கறுப்பின்மேல் மஞ்சள் தெரியாது. கவர்-அப் தனித் திறமை. நன்றாக வரைபவர் எல்லாரும் அதைச் செய்வார் என்றில்லை. அவர் செய்த கவர்-அப்களின் முன்-பின் படங்களை, ஆறிய நிலையில், கேட்டுப் பாருங்கள். பழைய வேலை மிகக் கறுப்பாக இருந்தால் முதலில் 2 அல்லது 3 லேசர் அமர்வில் வெளுக்க வைத்துப் பிறகு மூடுவது அகலத்தையும் அடர்த்தியையும் குறைக்கும்.

முழு லேசர்: நேரம், காசு, வலி மூன்றிலும் பெரியது. தொழில்முறை டாட்டூவுக்கு 6 முதல் 12 அமர்வு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 6 முதல் 8 வாரம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஏழு மாதம் முதல் இருபது மாதம் வரை ஆகும். கறுப்பு நன்றாகப் போகும். பச்சை, நீலத்துக்கு வேறு அலைநீளக் கருவி வேண்டும், மஞ்சள் பிடிவாதம் பிடிக்கும். மாநிறம், கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர்தான் ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. குறைந்த அலைநீளங்கள் மையோடு தோலின் நிறமியையும் சேர்த்துத் தாக்கி வெள்ளைத் திட்டோ கருந்திட்டோ விடும்.

கிளினிக்கில் நேரம் குறிக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: கருவியின் அலைநீளங்கள் என்ன, என் தோல் நிறத்தில் செய்த வேலையின் படம் உண்டா, மருத்துவர் உள்ளே இருப்பாரா, சோதனைப் புள்ளி அடித்துக் குறைந்தது 4 வாரம் பார்த்துவிட்டுத் தொடங்குவீர்களா. முடி நீக்கும் ஐ.பி.எல். (லேசர் அல்லாத, தீவிர ஒளி பாய்ச்சும்) கருவியால் டாட்டூவை எடுக்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது தீக்காயத்தில் முடியும். இணையத்தில் விற்கும் அமிலக் களிம்பு, உப்பு போட்டுத் தேய்ப்பது, மறுபடி ஊசியால் திரவம் ஏற்றுவது ஆகியவையும் அப்படியே. மை பாதி போகும், தழும்பு முழுதாக நிற்கும், அதன்பின் லேசரோ கவர்-அப்போ செய்ய நல்ல தோல் மிச்சமிருக்காது.